‘தானா பேசிருவான்’: காரைக்குடிப் பக்கம் பிள்ளையின் வளர்ச்சியைச் சோதிக்க எங்கே, எப்போது, என்னென்ன தாளோடு போவது

என் மகனுக்கு இரண்டு வயது இரண்டு மாதம் ஆனபோது அவனிடம் மொத்தம் நான்கு சொல் இருந்தது. ம்மா, தாத்தா, பூ, பிறகு போனுக்கு ஒரு ‘ஆங்’. பதினெட்டாம் மாதத்திலேயே எனக்குள் உறுத்தல்தான். ஆனால் வீட்டில் எதைக் கேட்டாலும் ஒரே பதில். “அவுக அப்பனும் நாலு வயசு வரைக்கும் வாயத் தொறக்கல. இப்ப சிங்கப்பூர்ல நிக்காமப் பேசுறான். தானா பேசிருவான், நீ சும்மா இரு” என்பார் என் அயித்தை (மாமியார்). நானும் சும்மா இருந்தேன். எட்டு மாதம் போனது.

அதன்பிறகு ஐந்து மாதம் எந்த வரிசையில் எங்கே போவது என்று தெரியாமல் போனது. பணம் கட்டிய இடம் தப்பு, முதலில் எடுக்க வேண்டிய சோதனையைக் கடைசியில் எடுத்தோம், ஒரு ஜெராக்ஸ் இல்லாமல் ஒரு நாளே வீணானது. சென்னையிலிருந்து இந்தப் பக்கம் குடிவந்து யாரையும் தெரியாமல் இருந்ததும் ஒரு காரணம். உங்களுக்கு அந்தப் பதின்மூன்று மாதம் மிஞ்ச வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. வரிசையில் நின்றவள், அவ்வளவுதான்.

1. போவதற்கு முன் ஐந்து கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

மருத்துவர் அறையில் நமக்குக் கிடைப்பது பத்து நிமிடம். அங்கே போய் இதையெல்லாம் முதல்முறை கேட்டால் பாதி காதில் ஏறாது.

முதல் கணக்கு, மாதக் கணக்கு. மூன்று வயது வரைக்கும் பிள்ளையின் வயதை வருடத்தில் சொல்லாதீர்கள், மாதத்தில் சொல்லுங்கள். ‘ஒன்றரை வயசு’ என்றால் அது பதினாறு மாதமாகவும் இருக்கலாம், இருபதாகவும் இருக்கலாம். வளர்ச்சியில் அந்த நான்கு மாதம் பெரிய தூரம். ‘முதல் ஆயிரம் நாள்’ என்று சுகாதார நிலையச் சுவரில் எழுதியிருப்பார்களே, அது கரு உண்டானதிலிருந்து இரண்டாவது பிறந்தநாள் வரை: வயிற்றில் 270, வெளியே 730. மூளை மிக வேகமாக வளர்கிற காலம் அது. ஆயிரம் முடிந்தால் கதவு சாத்திவிடும் என்று அர்த்தமில்லை. என் மகன் அந்தக் கணக்குக்கு வெளியேதான் பேச ஆரம்பித்தான்.

இரண்டாவது, வயது என்பது ஒரு நாள் அல்ல, ஒரு வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அளவுகளில், தானாக நடப்பதற்கான வரம்பு ஏறக்குறைய 8 மாதத்திலிருந்து 17½ மாதம் வரை. உதவியில்லாமல் உட்கார்வதற்கு ஏறக்குறைய 4 முதல் 9 மாதம். தவழாமலே நடக்கிற ஆரோக்கியமான பிள்ளைகளும் உண்டு. ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்தது என்பதற்காக உங்கள் தூக்கம் போக வேண்டாம். வரம்பின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் மட்டும் எழுந்திருங்கள்.

மூன்றாவது, குறைமாதப் பிள்ளைக்குத் திருத்திய வயது. இரண்டு மாதம் முன்னால் பிறந்த பிள்ளைக்கு இன்று பத்து மாதம் என்றால், வளர்ச்சியைப் பார்க்கும்போது எட்டு மாதம் என்றே கொள்ள வேண்டும். இரண்டு வயது வரை இந்தக் கழிவு உண்டு. தடுப்பூசிக்கு மட்டும் கழிவு கிடையாது, பிறந்த தேதிதான்.

நான்காவது, கிளைகள் நான்கு: உட்கார்வது நடப்பது போன்ற பெரிய அசைவு, பிடிப்பது கிள்ளி எடுப்பது போன்ற கைவேலை, பேச்சும் புரிதலும், மனிதர்களோடு பழகுவது. ஒரு கிளை மட்டும் தாமதமா, எல்லாமேயா என்பதுதான் மருத்துவர் முதலில் கேட்பது. இருந்த திறமை போய்விட்டது, பேசிக்கொண்டிருந்த சொல் மறைந்துவிட்டது என்றால் வயது வரம்பையெல்லாம் பார்க்காதீர்கள். அந்த வாரமே கிளம்புங்கள்.

ஐந்தாவதை நம் ஊர்ப் பாஷையில் கொடுக்கல் வாங்கல் என்றே சொல்லலாம். பிள்ளை ஒரு சத்தம் கொடுக்கிறது, நீங்கள் அதற்கு ஒரு பார்வையோ சொல்லோ திருப்பித் தருகிறீர்கள், அது மறுபடி கொடுக்கிறது. இந்த வரவு செலவில்தான் பேச்சு வளர்கிறது. தொலைக்காட்சியும் போனும் கொடுத்துக்கொண்டே இருக்கும், வாங்கவே வாங்காது. இது எனக்குப் புரிந்த நாளில் எங்கள் வீட்டில் ஒரு கணினி மேசை இடம் மாறியது. அதை ஏழாவது படியில் சொல்கிறேன்.

2. தாள்களை ஒரு பைக்குள் கொண்டுவாருங்கள்

இதைச் செய்யாமல் பஸ் ஏறாதீர்கள். நான் ஏறினேன்.

தாய்-சேய் அட்டை: கர்ப்பத்தின்போது கிராம சுகாதாரச் செவிலியர் கொடுத்தது. தடுப்பூசித் தேதிகள், எடைக்கோடு, எந்த மாதத்தில் என்ன செய்ய வேண்டும் என்ற படங்கள் எல்லாம் அதிலேயே இருக்கும். எங்கள் அட்டை அரிசி டின்னுக்கு அடியில் கிடைத்தது. பிறந்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சுருக்கம்: பிறப்பு எடை, எத்தனையாவது வாரம், பிறந்ததும் அழுதானா, மஞ்சள் காமாலைக்கு விளக்கடியில் வைத்தார்களா, தீவிர சிகிச்சையில் எத்தனை நாள். இந்த ஐந்தையும் எல்லா இடத்திலும் கேட்பார்கள். தாள் தொலைந்திருந்தால் பிறந்த இடத்தில் இப்போதே நகல் கேட்டு வையுங்கள்.

பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். பலர் பெயரில்லாமல் பதிந்ததோடு விட்டுவிடுகிறார்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதன்பிறகு தாமதக் கட்டணம். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்குக் கர்ப்பப் பதிவு எண் வேண்டும். அதுவும் அந்த அட்டையில்தான் இருக்கிறது, பத்திரம்.

பிள்ளையின் ஆதார்: ஐந்து வயதுக்குள் கைரேகை எடுக்க மாட்டார்கள், அம்மா அல்லது அப்பாவின் கைரேகை போதும். புதிதாக எடுப்பது இலவசம். ஐந்து வயதானதும் பிள்ளையின் கைரேகையைச் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். ஒரு பொறி உண்டு: அப்பா வெளிநாட்டில் இருக்கிற வீடுகளில் ‘அவர் வரட்டும்’ என்று தள்ளிப்போடுகிறார்கள். அவர் வரவே வேண்டாம், உங்கள் விரல் போதும்.

குடும்ப அட்டை நகல், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அது. இல்லையென்றால், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் வருமானச் சான்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பதிந்துகொள்ளலாம். எல்லாவற்றிலும் மூன்று ஜெராக்ஸ். ஆஸ்பத்திரி வாசலில் மின்சாரம் இல்லாத ஒரு காலைப்பொழுதில் ஜெராக்ஸ் கடை ஒன்றும் திறக்காமல் நான் நின்ற நிலை உங்களுக்கு வேண்டாம்.

3. ஒரு வாரம் வீட்டிலேயே பாருங்கள், எழுதுங்கள், படமெடுங்கள்

கீழே உள்ள வயது முடிந்தும் அந்தச் செயல் வரவில்லையென்றால் கேட்டுவிடுவது நல்லது:

2 மாதம்: முகத்தைப் பார்த்துச் சிரிப்பது.
4 மாதம்: கழுத்து நிற்பது.
9 மாதம்: பிடிக்காமல் உட்கார்வது, பெயரைக் கூப்பிட்டால் திரும்புவது, ‘பாபா’, ‘மாமா’ என்று உளறுவது.
12 மாதம்: வேண்டியதை விரலால் சுட்டுவது, டாட்டா காட்டுவது.
16 மாதம்: அர்த்தத்தோடு ஒரு சொல்லாவது.
18 மாதம்: தானாக நடப்பது.
24 மாதம்: ‘அப்பத்தா வா’ போல இரண்டு சொல்லைத் தானாகச் சேர்ப்பது. நாம் சொன்னதைத் திருப்பிச் சொல்வது கணக்கில் வராது.

இதில் விரல் சுட்டுவதை நான் அசட்டை செய்தேன். என் மகன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அலமாரி முன் நிறுத்துவான். ‘எவ்வளவு சமத்து’ என்று மெச்சினேன். மருத்துவர் முதலில் கேட்டதே அதைத்தான்: “தூரத்துல ஒரு மயில் இருந்தா உங்களுக்குக் காட்டுவானா?” வேண்டியதை வாங்கச் சுட்டுவது ஒன்று. பார்த்ததைப் பகிர்ந்துகொள்ளச் சுட்டுவது வேறொன்று. இரண்டாவதைத் தனியாகக் கவனியுங்கள்.

பதினாறு முதல் முப்பது மாதம் வரையுள்ள பிள்ளைகளுக்கு ஆட்டிசம் சாயல் இருக்கிறதா என்று பார்க்க ‘எம்-சாட்’ என்று இருபது கேள்வி கொண்ட படிவம் உண்டு. ஆம், இல்லை என்று பெற்றவர்களே நிரப்புவது. அதில் மதிப்பெண் கூடினால் ‘மேலே பாருங்கள்’ என்று மட்டுமே பொருள். நள்ளிரவில் போனில் நிரப்பிவிட்டு விடிய விடிய அழாதீர்கள். (அழுதேன்.)

வீடியோ கட்டாயம் எடுங்கள். ஆஸ்பத்திரியில் பிள்ளை பயந்து நம் முந்தானைக்குள் போய்விடும், மருத்துவர் எதையும் பார்க்க முடியாது. விளையாடும்போது, சாப்பிடும்போது, பெயர் சொல்லிக் கூப்பிடும்போது என்று ஒரு நிமிட வீடியோ நான்கைந்து போதும்.

4. அங்கன்வாடியில் பெயரைக் கொடுங்கள், தனியார் பள்ளிக்கு அனுப்பப்போகிறவர்களும்

எங்கள் பக்கத்தில் வசதியான வீடுகளில் பால்வாடி என்றாலே ஒரு முகச்சுளிப்பு. அதை விடுங்கள். பிறந்தது முதல் ஆறு வயது வரை பிள்ளையின் எடையையும் உயரத்தையும் தொடர்ந்து எழுதிவைக்கும் இடம் அது ஒன்றுதான். செலவு கிடையாது. இரண்டு வயது முடிந்த பிள்ளைக்கு மதியச் சோறும் முட்டையும், பாட்டும் விளையாட்டுமான முன்பருவக் கல்வியும் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்குச் சத்துமாவு வீட்டுக்கே தருவார்கள்.

எனக்குத் தெரியாமல் போனது இதுதான்: ராஷ்டிரிய பால் ஸ்வஸ்திய காரியக்கிரம் என்று 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தை நலத் திட்டத்தில், ஒரு நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு வருடத்தில் இருமுறை வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். பிறவிக் குறை, சத்துக்குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் என்று நான்கு பிரிவில் பார்ப்பார்கள். அங்கே எழுதிக் கொடுக்கும் பரிந்துரைச் சீட்டு கையில் இருந்தால் சிவகங்கையில் உள்ள மாவட்ட மையத்துக்கு (ஆறாவது படியில் சொல்கிறேன்) நேராகப் போகலாம். ‘குழு எப்போது வருகிறது?’ என்று அங்கன்வாடி டீச்சரிடம் இன்றே கேட்டுவையுங்கள். இரண்டு மாதத்துக்குள் வருகிறது என்றால் காத்திருக்கலாம். அதற்கு மேல் என்றால் காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதன்கிழமை, தடுப்பூசி நாளில், போய்ச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எடைக்கோட்டைப் பாருங்கள். இன்று எத்தனை கிலோ என்பதைவிட, கோடு ஏறுகிறதா, படுத்துக்கிடக்கிறதா என்பது முக்கியம். புஜத்தின் சுற்றளவு எடுக்கும் பட்டையில் 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் அது கடுமையான ஊட்டக்குறைவு, அன்றே மருத்துவரிடம். இரும்புச் சத்துத் திரவ மருந்து ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை வாரம் இருமுறை 1 மில்லி என்பது அரசின் முறை. கொடுத்தால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ரத்தசோகை உள்ள பிள்ளை சோர்ந்தே இருக்கும். சோர்ந்த பிள்ளை எதையும் தேடி ஓடாது. தேடாத பிள்ளை கற்பது குறைவு. மூளைக்கும் சோற்றுக்கும் அவ்வளவு நெருக்கம்.

5. முதலில் காது

பேச்சு தாமதம் என்றால் வேறு எதற்கும் முன்னால் காது. ‘காது நல்லாக் கேக்குது, கதவு சத்தத்துக்குத் திரும்புறானே’ என்று நாங்களும் சொன்னோம். எங்கள் வீட்டு வாசல் கதவின் தாழ்ப்பாள் விழுந்தால் தெருமுனை வரை கேட்கும். அதற்குத் திரும்புகிற பிள்ளைக்கு ‘ச’வும் ‘த’வும் கேட்க வேண்டும் என்று என்ன இருக்கிறது?

மூன்று சோதனை பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஓ.ஏ.இ.: காதில் சின்னக் குமிழ் வைத்து இரண்டு நிமிடத்தில் முடியும். டிம்பனோமெட்ரி: செவிப்பறை அசைகிறதா, பின்னால் நீர் தேங்கியிருக்கிறதா என்று காட்டும். பெரா: தூங்கும்போது தலையில் ஒட்டுகளை வைத்து, சத்தம் மூளைக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது. பெராவுக்குப் பிள்ளை தூங்கியே ஆக வேண்டும். முதல் நாள் இரவு நேரம் கழித்துத் தூங்கவைத்து, விடியற்காலை எழுப்பிவிட்டு, வழியில் தூங்கவிடாமல் கொண்டுபோகச் சொல்வார்கள். பஸ்ஸில் அது நடக்கிற காரியமா? காரைக்குடி தாண்டியதும் தூங்கிவிட்டான், சோதனை அறையில் ஆடினான். இரண்டாவது முறை அவனுக்குப் பிடித்த வேர்க்கடலை மிட்டாயும் பாட்டும் பஸ் முழுக்க. வெளியில் எடுத்தால் பெராவுக்கு என்னிடம் 2,000 ரூபாய் கேட்டார்கள். அரசு மையத்தில் செலவில்லை.

என் மகனுக்கு இரண்டு காதிலும் நடுக்காதில் நீர். அடிக்கடி சளி பிடித்ததன் மிச்சம். மருந்து கொடுத்து மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிக்கலாம் என்றார் மருத்துவர். ‘காத்திருங்கள்’ என்று அவரும்தான் சொன்னார். ஆனால் எதற்காக, எந்தத் தேதி வரை, அதற்குள் சரியாகாவிட்டால் என்ன என்று சொல்லிக் காத்திருக்கச் சொன்னார். அயித்தையின் ‘சும்மா இரு’வில் தேதி இல்லை.

கேட்புத்திறன் மிகக் குறைவு என்று வந்தால் தயங்கவே கூடாது. உள்காதில் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு உண்டு, அதுவும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். அந்த வரிசையில் ‘ஐந்தரை வயசு’ என்று ஒரு அப்பா சொன்னபோது அந்த அறையே அமைதியானது.

6. சிவகங்கைக்கு ஒரு நாள்

மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் என்பது நீளமான பெயர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ‘குழந்தைங்க தெரபி செக்‌ஷன்’ என்று கேட்டால் காட்டுவார்கள். குழந்தை மருத்துவர், பேச்சு-கேட்பியல் பயிற்சியாளர், பிசியோதெரபிஸ்ட், உளவியலாளர், சிறப்பு ஆசிரியர் என்று எல்லோரும் ஒரே கூரையின்கீழ் இருக்க வேண்டும் என்பதற்காகவே அமைக்கப்பட்ட மையம் இது. தனியாரில் இந்த ஐவரை ஐந்து வாசலில் தேட வேண்டும்.

காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய 45 கிலோமீட்டர். ரயிலும் உண்டு, ஆனால் காலை நேரத்துக்குப் பஸ்தான் தோது. மகளிர் இலவசம் டவுன் பஸ்ஸுக்கு மட்டுமே, இந்த ஊர்ப் பஸ்ஸில் டிக்கெட் எடுக்க வேண்டும். போக வர, சாப்பாடு, ஆட்டோ எல்லாம் சேர்த்து எனக்கு ஒரு முறைக்கு 300 ரூபாய்க்குள் முடிந்தது. எட்டு மணிக்குள் ஓ.பி. சீட்டு வரிசையில் நின்றுவிடுங்கள். ஓ.பி. சீட்டுக்குக் காசு இல்லை. திங்கட்கிழமையைத் தவிருங்கள், ஞாயிறு விட்ட கூட்டமும் சேர்ந்துவரும். பங்குனி, சித்திரை வெயிலில் போகிறவர்கள் தண்ணீர், ஒரு மாற்றுத்துணி, பிள்ளைக்குப் பிடித்த ஒரு பழைய பொம்மை. புதுப் பொம்மை வேண்டாம், அதிலேயே மூழ்கிவிட்டால் பயிற்சியாளர் எதையும் பார்க்க முடியாது.

முதல் நாளில் முடிவு கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். எங்களுக்கு முதல் நாள் குழந்தை மருத்துவர், தைராய்டு ரத்தச் சோதனை. இரண்டாம் முறை காது. மூன்றாம் முறை பேச்சு. ஒவ்வொரு முறையும் ‘அடுத்து எந்தத் தேதி, எந்த அறை, யாரைப் பார்க்க?’ என்று சீட்டின் பின்னாலேயே எழுதி வாங்குங்கள். கூட வருகிறவர் யார் என்பதிலும் கவனம். தூக்க ஒரு ஆள், வரிசைக்கு ஒரு ஆள் என இருவர் போவது நல்லது. ‘இவனுக்கு ஒண்ணுமில்ல டாக்டர், இவதான் பயப்படுறா’ என்று சொல்கிற ஆளை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

7. வீட்டுக்குள் செய்ய வேண்டியது

பயிற்சியாளர் வாரத்துக்கு முக்கால் மணி நேரம் பார்ப்பார். மிச்ச நேரம் முழுக்கப் பிள்ளை நம்மிடம்தான்.

எங்கள் வீடு பழைய வீடு. முகப்பு, வளவு (முற்றமுள்ள நடுப்பகுதி), இரண்டாங்கட்டு என்று நீளும். ஒரு காலத்தில் நாற்பது பேர் புழங்கிய இடத்தில் இப்போது மூன்று பேர். நான் முன்கட்டில் கணினியோடு, அயித்தை பின்கட்டில் அடுப்போடு, நடுவில் பிள்ளை போனோடு. அத்தனை தூணும் அத்தனை கதவும் இருந்தும் அவனிடம் பேச ஆளில்லை. பயிற்சியாளர் கேட்டார்: “பகல்ல அவன் எத்தன பேரோட பேச்சக் கேக்குறான்?” நான் கணக்குப் போட்டேன். என் பேச்சு அலுவலகக் கூட்டத்தில், அயித்தையின் பேச்சு தொலைபேசியில், அவனை நோக்கி வந்தது ‘ஓடாத’, ‘தொடாத’, ‘சாப்பிடு’.

கணினி மேசையை வளவுக்கு மாற்றினேன். போனை இரண்டு நாளில் நிறுத்த முடியவில்லை, மூன்று வாரம் ஆனது. முதல் நான்கு நாள் நரகம், அதைத் தெரிந்தே தொடங்குங்கள். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன அளவு. சிங்கப்பூரிலிருந்து அப்பா வீடியோவில் பேசுவதை நாங்கள் நிறுத்தவில்லை. அதில் கொடுக்கல் வாங்கல் இருக்கிறது.

விலைகொடுத்து எதுவும் வாங்காதீர்கள். ‘மூளை வளர்ச்சிப் பொம்மை’ என்று நான் வாங்கிய 1,800 ரூபாய்ப் பெட்டி பரணில் கிடக்கிறது. வேலை செய்தவை இவை: சமையலறையில் கரண்டியும் சம்படமும். ஆத்தங்குடிக் கல் தரையில் உள்ள பூக்களில் ‘சிவப்புக்குத் தாண்டு, பச்சைக்குத் தாண்டு’. பல்லாங்குழியில் ஒவ்வொரு முத்தாகப் போடுவது, விரல்நுனிக்கு அதைவிடப் பயிற்சி கிடையாது (முத்து வாய்க்குள் போகும், மூன்று வயது வரை பக்கத்திலேயே உட்காருங்கள்). இடியாப்பம் பிழியும்போது ‘பிழி, பிழி, நிறுத்து’ என்று சொல்லி, ‘நிறுத்து’வுக்கு முன் காத்திருப்பது. அந்தக் காத்திருப்புதான் பயிற்சியின் உயிர். கேட்டுவிட்டு மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். நாம் மூன்றிலேயே பதிலையும் சொல்லிவிடுகிறோம்.

பழைய வீட்டில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். முற்றத்தின் இறக்கம், உயர்ந்த நிலைப்படி, மழைநாளில் வழுக்கும் கல், நீர் நிறைந்த அண்டா. தவழும் பிள்ளையின் உயரத்துக்கு ஒருமுறை தரையில் அமர்ந்து சுற்றிலும் பாருங்கள்.

வசம்பு வரும். வராமல் இருக்காது. ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று பெயரே அதற்கு, சுட்டு இழைத்து நாக்கில் தடவினால் பேச்சு வரும் என்பார்கள். தேனில் குழைத்துத் தருவார்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது, பச்சிளம் பிள்ளைக்கு அதிலிருந்து ஆபத்தான நச்சுநோய் வர வாய்ப்புண்டு. நான் அயித்தையோடு சண்டை போடவில்லை. வசம்பை இடுப்புக் கயிற்றில் கட்டச் சொல்லிவிட்டேன், இருவருக்கும் நிம்மதி. நாக்கின் அடியில் நரம்பை வெட்டினால் பேச்சு வந்துவிடும் என்கிறவர்களிடம் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். சர்க்கரையும் வெல்லமும் சேர்த்ததை இரண்டு வயது வரை தள்ளிவைப்பது நல்லது என்று சொல்லி, கும்மாயக் கிண்ணத்தை நான் பிடுங்கிய அன்று வாங்கிய பேச்சு தனிக் கதை.

8. தனியார் மையத்துக்குப் போகிறவர்களுக்கு

போகலாம். சிவகங்கையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் எங்களுக்கு நேரம் கிடைத்தது. இடையில் வாரம் இருமுறை தனியாரில் பார்த்தோம். முதல் மதிப்பீட்டுக்கு 1,500, ஒரு அமர்வுக்கு 500 ரூபாய் என்று கொடுத்தோம். ஆனால் அதற்கு முன்னால், ஒரு பெரிய ஊரில் ஒரு மையத்தில், மூன்று மாதத்துக்கு 36,000 ரூபாயை முன்பணமாகக் கட்டிவிட்டு நான்காவது வாரத்தில் வெளியே வந்தோம். பணம் திரும்பவில்லை. காதைச் சோதித்தீர்களா என்று அவர்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

சேரும் முன் கேளுங்கள்: இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண் என்ன? அமர்வின்போது நான் உள்ளே இருக்கலாமா? வீட்டில் செய்ய என்ன எழுதித் தருவீர்கள்? மாதம் மாதம் கட்டலாமா? ‘உள்ளே விடமாட்டோம்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ‘வீட்டில் ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி என்றால் குழப்பம் வரும்’ என்றாலும் அப்படியே. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. அப்பத்தாவுக்குத் தெரியாத மொழியில் பேசச் சொன்னால் அவனோடு பேச இருந்த மூன்று பேரில் ஒருவரும் போய்விடுவார். ‘முழுசா குணமாக்கிருவோம்’ என்று தேதி குறித்துச் சொல்கிற ஆளையும் தவிருங்கள்.

9. சான்றிதழ், பள்ளி

பேச்சு தாமதம் மட்டும் என்றால் மாற்றுத்திறனாளி அட்டை தேவைப்படாது. எங்களுக்குத் தேவைப்படவில்லை. தேவைப்படும் என்று மருத்துவர் சொன்னால் வெட்கப்பட்டு ஒதுக்காதீர்கள். 2016 சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன, 40 விழுக்காடும் அதற்கு மேலும் என்றால் பெரும்பாலான சலுகைகள் திறக்கும். இணையத்தில் விண்ணப்பித்து மருத்துவக் குழு முன் போக வேண்டும். சிறு பிள்ளைக்குத் தற்காலிகச் சான்றிதழ்தான் தருவார்கள். காலாவதித் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு, இரண்டு மாதம் முன்னாலேயே புதுப்பிக்கக் கிளம்புங்கள்.

சான்றிதழ் இல்லாமலே போகக்கூடிய இடம் ஒன்று உண்டு: வட்டார வள மையம். பள்ளிக் கல்வித் துறையின்கீழ் வருவது. சாக்கோட்டை, தேவகோட்டை, கல்லல், திருப்பத்தூர் என்று உங்கள் ஒன்றியத்துக்குரியதைக் கேளுங்கள். அங்கே சிறப்பு ஆசிரியர்களும் பிசியோதெரபிஸ்டும் உண்டு. பிறந்ததிலிருந்து 18 வயது வரையுள்ளவர்களுக்கு வருடம் ஒருமுறை மருத்துவ முகாமும் நடக்கும். பலர் அதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

எல்.கே.ஜி.க்கு ஜூலை 31-க்குள் மூன்று வயது முடிந்திருக்க வேண்டும். என் மகன் ஜூன் மாதம் பிறந்தவன், ஆகவே கணக்குப்படி சேர்க்கலாம், வகுப்பிலேயே கடைசிச் சின்னவனாக. ‘பள்ளிக்கூடத்துல போட்டா பேசிருவான்’ என்று அடுத்த அறிவுரை வந்தது. பயிற்சியாளர் அங்கன்வாடியிலேயே இன்னொரு வருடம் விடச் சொன்னார். இருபது பிள்ளைகளின் பேச்சு, எழுத்து எழுதச் சொல்லாத டீச்சர், பத்து நிமிட நடை. நேற்று திரும்பி வரும் வழியில் தெரு நடுவே நின்று, மின்கம்பியைச் சுட்டி, “ம்மா, மயிலு ஏறிருச்சு” என்றான். அது காக்கை.